லயமும் கடைவீதியும்: சப்ரகமுவத் தோட்டத் தமிழரின் குடியிருப்புத் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

நகரொன்றிற் குடியேற விழைவோர் எத்தகைய பகுதியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் வினா, மத்தியதர வர்க்கத்தினரின் பேச்சிலும் எழுத்திலும் இன்று பெரிதும் இடம்பெறுகின்றது. பழைமை வாய்ந்த தெருக்கள், நடந்து செல்லுந் தூரத்திற் சாப்பாட்டுக் கடைகள், ஆண்டுதோறும் விழாக் காணும் கோயில்கள், பல இனத்தவரும் கலந்து வாழும் சூழல் ஆகியன ஒருங்கே அமைந்த பேட்டையே வாழ்வதற்கு உகந்தது என்பர். கொழும்பிலே செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு, வெள்ளவத்தை ஆகியவற்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். இவ்விருப்பத்தில் தவறேதும் இல்லை. நல்ல உணவையும் நல்ல அயலையும் நாடுதல் மனித இயல்பே. ஆயின், வரலாற்றை நோக்குவோர் இவ்விடத்தில் இரண்டு வினாக்களை எழுப்பவேண்டியவராகின்றனர். வாழிடத்தைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எவ்வர்க்கத்தினருக்கு உரியதாக இருந்துவந்துள்ளது? தெரிந்துகொள்ளப்படும் அந்தக் கலகலப்பு யாருடைய உழைப்பினால் உருவாயிற்று?

பிரித்தானியச் சமூகவியலாளரான ரூத் கிளாஸ் 1964ஆம் ஆண்டில் இப்பிரச்சினையின் ஒரு பக்கத்தைத் தெளிவுபடுத்தினார். லண்டன் மாநகரின் தொழிலாளர் குடியிருப்புகளில் மத்தியதர வர்க்கத்தினர் புகுந்து, பழைய வீடுகளை வாங்கிப் புதுக்கி, ஈற்றில் அங்கு வாழ்ந்தோர் வாடகை கொடுக்கவியலாது வெளியேறும் நிலையை ஏற்படுத்தியதை அவர் அவதானித்தார். நிலவுடைமைக் கனவான்களைக் குறிக்கும் ‘ஜென்ட்ரி’ என்னும் சொல்லின் அடியாக அப்போக்குக்கு அவர் இட்ட பெயரே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. பேட்டையொன்றின் ‘தன்மை’ எதனை நாடி மக்கள் வருகின்றார்களோ, அவ்வருகையே அத்தன்மையை ஆக்கியோரை அகற்றிவிடுகின்றது என்பது அவரது ஆய்வினாற் பெறப்படும் உண்மையாகும்.

இக்கட்டுரை அதே பிரச்சினையைப் பிறிதொரு முனையிலிருந்து, அதாவது சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களிலிருந்து நோக்க முனைகின்றது. 1889இல் தனி மாகாணமாக்கப்பட்ட சப்ரகமுவ, இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. நுவரெலியாவிற் போன்று இங்கு தோட்டங்கள் மலைமலையாகத் தொடர்ந்து செல்வதில்லை. சிங்களக் கிராமங்கள், வயல்கள், சிறு நகரங்கள் ஆகியவற்றினூடே றப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் சிதறிக் கிடக்கின்றன. கொழும்பும் அணித்தேயுள்ளது. எனவே தோட்ட லயம், கடைவீதி, மாநகரப் பேட்டை ஆகிய மூன்றுக்குமிடையிலான தொடர்பு இங்கு தெளிவாகப் புலப்படுகின்றது.

2

பெருந்தோட்டம் என்பது உற்பத்திக் களம் மட்டுமன்று. அது குடியிருப்புக் களமுமாகும். இவ்விரண்டும் ஒரே முதலாளியின் உடைமையாக இருந்தமையே தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஏனைய தொழிலாளரின் வாழ்விலிருந்து வேறுபடுத்தும் அடிப்படைக் கூறாகும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம் கண்டியச் சிங்களக் குடியானவரின் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அந்நிலத்தில் முதலிற் கோப்பியும், 1869இற் பரவத்தொடங்கிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த றப்பர் விலையேற்றத்துடன் றப்பரும் பயிராயின. நிலம் ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்டது. உழைப்பு வேறொருவரிடமிருந்து பெறப்பட்டது. பிற்காலத்தில் இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பகைவராகக் காணுமாறு செய்யப்பட்டமைக்கு இதுவே பொருளியல் அடித்தளமாகும்.

திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணி வழியாகத் திரட்டப்பட்ட தொழிலாளி, தான் செல்லும் தோட்டத்தைத் தானே தெரிந்துகொண்டவனல்லன். கடன் அவனை முன்னரே கட்டியிருந்தது. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம், வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்குத் ‘துண்டு’ வேண்டியிருந்தது. கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடனைத் தீர்ப்பவரிடம் அவர்களை ஒப்படைக்கத் தயார் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. ஆளொருவர் இடம்பெயர்ந்தார் என்பதைவிடக் கடனொன்று கைமாறிற்று என்பதே பொருந்தும். 1921இலேயே துண்டு முறையும் தொழிலாளரைச் சிறையிடும் விதிகளும் நீக்கப்பட்டன.

சட்டம் தளர்ந்தபின்னும் லயம் எஞ்சியது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிராக்கள் வரிசையாகவும் சிலவிடங்களில் முதுகோடு முதுகாகவும் அமைந்த அக்கட்டிடத்தில் தொழிலாளி வாடகைக்குக் குடியிருந்தவனல்லன், உரிமையாளனுமல்லன். பேர் பதிந்திருக்கும் வரையே காம்பிரா அவனுடையது. ‘பத்துச்சீட்டு’க் கொடுக்கப்பட்டதும் வேலையும் வீடும் ஒருசேர இல்லாமற் போயின. சி.வி. வேலுப்பிள்ளை தமது நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமை தற்செயலானதன்று. வேலையற்றவன் என்னாது வீடற்றவன் என்றதன் மூலம், தோட்டத்தில் வேலைநீக்கம் எத்தகைய தண்டனை என்பதை அத்தலைப்பே உணர்த்திவிடுகின்றது. குடியிருப்புப் பிரச்சினை பற்றி 1872இல் எழுதிய ஏங்கெல்ஸ், தொழில் தருபவனே வீட்டுச் சொந்தக்காரனாகவும் இருக்குமிடத்து வேலைநிறுத்தஞ் செய்யும் தொழிலாளி தெருவில் நிற்க நேரும் என்பதைச் சுட்டிக்காட்டினார். ஐரோப்பியத் தொழிற்சாலைகள் சிலவற்றைக் கருத்திற்கொண்டு அவர் கூறியது, நமது தோட்டங்களில் ஒரு முழுச் சமூகத்தின் பொது விதியாக நிலைபெற்றது.

இந்நிலையில் ‘அயல்’ என்பதும் துரையின் உடைமையே. தோட்ட எல்லைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை அவனே தீர்மானித்தான். அத்துமீறல் சட்டம் அவனுக்குத் துணை நின்றது. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுட் புகுந்து தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. விருந்தினரை வரவேற்கும் உரிமைகூட இல்லாதவிடத்து வாழிடத் தெரிவு பற்றிப் பேசுவதெங்ஙனம்?

3

தோட்டத்தின் எல்லை முடியுமிடத்திற் கடைவீதி தொடங்கிற்று. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதைப் புகையிரதம் 1902இல் அவிசாவளையையும் அடுத்து எட்டியாந்தோட்டையையும் அடைந்தது. 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் மற்றொரு கிளை நீண்டது. இரண்டடி ஆறங்குல அகலமே கொண்ட அப்பாதை, தோட்ட விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்கென அமைக்கப்பட்டது. திரும்பி வரும்போது அது அரிசியையும் துணியையும் கருவாட்டையும் கொணர்ந்தது. நிலையங்களை அண்டி அவிசாவளை, எட்டியாந்தோட்டை, இரத்தினபுரி, பெல்மதுளை முதலிய இடங்களிற் கடைவீதிகள் பெருகின. மேலும் உள்ளே இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை போன்ற ஊர்கள் தெருப் போக்குவரத்தினால் வளர்ந்தன.

இக்கடைவீதிகளின் அமைப்பு மனங்கொள்ளத்தக்கது. சிங்களவரின் தேநீர்க் கடை, முஸ்லிம் வியாபாரியின் புடைவைக் கடை, தமிழர் நடத்திய சைவக் கடை, நகை அடகு பிடிப்போர், சாராயத் தவறணை ஆகியன அடுத்தடுத்து அமைந்திருந்தன. இரத்தினபுரியில் இவற்றோடு மாணிக்க வியாபாரமும் சேர்ந்துகொண்டது. இன்றைய வழக்கிற் கூறுவதாயின், கலகலப்பான சாப்பாட்டுக் கடைகளையும் கலப்புப் பண்பாட்டையும் கொண்ட ‘பழைய பேட்டை’க்குரிய இலக்கணம் யாவும் இச்சிறு நகரங்களிற் பொருந்தியிருந்தன.

றப்பர்த் தோட்டத்தின் வேலைநேரமும் இதற்கு உதவிற்று. பால்வெட்டு விடியற்காலையில் தொடங்குவது. சேகரித்த பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தபின் நண்பகலைத் தாண்டிச் சிறிது ஓய்வு கிட்டும். தேயிலைத் தோட்டத்தில் மாலைவரை கொழுந்து கொய்யும் பெண்ணுக்குக் கிட்டாத ஓய்வு இது. சம்பள நாளின் மறுநாளும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் கடைவீதியைத் தொழிலாளரால் நிரப்பின. தோட்டத்திற் பெயரும் இலக்கமுமாக மட்டும் இருந்த ஒருவன், கடை வாங்கிலில் அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீரைத் தன் காசு கொடுத்துக் கேட்டபோது, தன் வாழ்நாளில் முதன்முறையாக எதனையோ தெரிந்துகொள்பவனானான். தான் பறித்த கொழுந்தைத் தானே விலைகொடுத்து வாங்கிப் பருகுகின்றான் என்னும் முரண்பாடு இதிலடங்கியுள்ளது உண்மையே. எனினும், பெரட்டுக் களத்துக்கு அப்பால் ஒரு சமூக வெளி அவனுக்குத் திறந்தது என்பதையும் நாம் மறுத்தலாகாது.

இச்சமூக வெளி அரசியல் விளைவுகளையும் தந்தது. தோட்டத்தினுள் தடுக்கப்பட்ட கூட்டங்கள் கடைவீதியிலும் சந்தை மைதானத்திலும் கூட வாய்ப்பு ஏற்பட்டது. 1935இல் நிறுவப்பட்ட லங்கா சமசமாஜக் கட்சி, அடுத்த ஆண்டு நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலிற் பெற்ற இரு ஆசனங்களும் இப்பிரதேசத்தைச் சார்ந்தனவே: அவிசாவளையிற் பிலிப் குணவர்த்தனவும் ருவான்வெல்லையில் என்.எம். பெரேராவும் வெற்றியீட்டினர். இடதுசாரி இயக்கத்தின் முதல் ஆசனங்கள் கொழும்பு மாநகரிலன்றிக் களனிப் பள்ளத்தாக்கில் எழுந்தமைக்குக் கிராமிய வறியோரும் றப்பர்த் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் ஒரே வீதியிற் சந்திக்க நேர்ந்தமையும் ஒரு காரணம் எனலாம்.

ஆயின் கடைவீதியை நாம் இலட்சியமயப்படுத்தலாகாது. அங்கு கடன் புத்தகமும் இருந்தது. சாப்பாட்டுக் கடை தன்னளவிற் சமத்துவத்தின் இடமுமன்று. யாழ்ப்பாணத்தில் 1950களின் பிற்பகுதியில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க் கடைகளுட் பிரவேசிப்பதற்கே போராடவேண்டியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டிற் சென்னை திருவல்லிக்கேணியில், உணவு விடுதியொன்றின் பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அகற்றக் கோரிப் பெரியாரின் இயக்கத்தினர் மறியல் நடத்தினர். திருவல்லிக்கேணியோ பழைய கோயிலுக்கும் உணவு விடுதிகளுக்கும் பெயர்பெற்ற பேட்டை. ஒரு பேட்டையின் உணவுச் சுவையைப் புகழ்வோர், அந்தச் சுவை யார் யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் கேட்டல் வேண்டும்.

இன்னொன்றும் கூறவேண்டும். தோட்டத் தமிழரின் கலை வாழ்வு கடைவீதியிற் பிறந்ததன்று. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் லயத்து முற்றங்களிலேயே ஆடப்பட்டன. தப்பு முழங்கியதும் மாரியம்மன் கோயில் எழுந்ததும் துரையின் காணியிலேதான். தாம் தெரிந்துகொள்ளாத நிலத்தை, தம் கூத்தாலும் கோயிலாலும் இடுகாட்டாலும் அம்மக்கள் தமதாக்கிக் கொண்டனர். பண்பாடு நிறைந்த இடத்தைத் தெரிந்து சென்று குடியேறுவது ஒரு வர்க்கத்தின் அனுபவம். குடியேற்றப்பட்ட இடத்திற் பண்பாட்டை ஆக்குவது மற்றொரு வர்க்கத்தின் அனுபவம். இவ்வேறுபாடு நமது ஆய்வுக்கு மையமானது.

4

இவ்வாறு ஆக்கிக்கொண்ட இடத்தை விட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டபோது நடந்தது யாது? கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர்த் தோட்டம் இதற்கு விடை தருகின்றது. நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்து, அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு அறிவித்தது. அவர்கள் மறுத்தனர். 1946 ஜூனில் அவர்களுக்கு ஆதரவாகக் களனிப் பள்ளத்தாக்கு, கேகாலை முதலிய பகுதிகளின் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவிற்று. சம்பள உயர்வு கோரியன்று, குடியிருக்கும் உரிமை கோரி நடத்தப்பட்ட பெரும் வேலைநிறுத்தம் என்ற வகையில் இது இலங்கைத் தொழிலாளர் வரலாற்றிற் சிறப்பிடம் பெறுகின்றது.

வெளியேற மறுத்தோர் மீது அத்துமீறற் குற்றஞ் சாட்டப்பட்டது. அவ்வழக்குகளுள் ஒன்று, ‘செல்வநாயகம் எதிர் அரசன்’ என்னும் பெயரில், லண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1950இல் தீர்க்கப்பட்டது. உரிமை உண்டென மெய்யாகவே நம்பித் தன் இருப்பிடத்தில் தங்கியிருப்பவனை, அத்தங்குகை காணிக்காரருக்கு எரிச்சலூட்டும் என்பதற்காக மட்டும் குற்றவாளியாகக் கொள்ளவியலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். காணிக்குரிய உரிமையை நீதிமன்றம் தொழிலாளிக்கு வழங்கவில்லை. ஆயினும் தன் வீட்டை விட்டு நீங்காதிருப்பதே அவனது நோக்கம் என்பதை அது ஏற்றுக்கொண்டது. ‘கூலி லயம்’ என அழைக்கப்பட்ட காம்பிரா, ஒரு மனிதனின் வீடாகச் சட்டத்தின் கண்ணுக்குத் தென்பட்ட தருணம் அது.

இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது? வாழிடத் தெரிவு என்றால் ‘எங்கே போவது’ என்னும் தெரிவு மட்டுமே என நாம் கருதிவிடுகின்றோம். ‘இங்கேயே இருப்பேன்’ என்பதும் தெரிவே. நேவ்ஸ்மியர்த் தொழிலாளரின் மூதாதையர் அவ்விடத்தைத் தெரிந்துகொண்டவரல்லர். அவர்களோ 1946இல் அதனைத் தெரிந்துகொண்டனர். அத்தெரிவுக்கு அவர்கள் கொடுத்த விலை வேலையும் சம்பளமுமாகும்.

அதேவேளை நிலமற்ற கேகாலைச் சிங்களக் குடியானவரின் தேவையும் பொய்யானதன்று. பெருந்தோட்ட முதலாளித்துவத்தினால் நிலமிழந்தவர்களுக்கு, பரந்த கம்பனித் தோட்டங்களைத் தொடாமல், தொழிலாளர் வாழ்ந்த ஒரு தோட்டத்தைத் துண்டாடி வழங்க முற்பட்டதன் மூலம் ஆளும் வர்க்கம் ஒரு வர்க்கப் பிரச்சினையை இனப் பிரச்சினையாக மாற்றிற்று. இடதுசாரி இயக்கம் இம்மாற்றத்தை முழுமையாக எதிர்கொள்ளத் தவறியமையும் பின்னாளிற் சமசமாஜக் கட்சியே ஆட்சியிற் பங்காளியாகித் தளர்ந்தமையும் நம் சுயவிமர்சனத்துக்குரியன.

5

நீதிமன்றத் தீர்ப்பு வருமுன்னரே பாராளுமன்றம் முந்திக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், தொடர்ச்சியான வதிவை நிரூபிக்குமாறு அவர்களைக் கேட்டது; மணமானோர்க்கு ஏழாண்டு, மணமாகாதோர்க்குப் பத்தாண்டு. எவருடைய வதிவை எந்தச் சட்டமும் அவருடையதென ஏற்றதில்லையோ, எவருக்குக் கடிதமும் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்ததோ, அவரிடமே வதிவுக்குச் சான்று கோரப்பட்டது.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கு ஏற்கவும் இரு அரசாங்கங்களுக்கிடையே முடிவு செய்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். எங்கே வாழ விரும்புகின்றீர்கள் என்னும் வினா அவர்களிடம் விண்ணப்பப் படிவமாக மட்டுமே வந்தது; எத்தனை பேர் எங்கே என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. 1971இல் 1,174,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 818,656 ஆகக் குறைந்தது. இக்குறைவில் ஒரு பகுதி பதிவு மாற்றங்களால் ஏற்பட்டதாயினும், கப்பலேறியவர்களே அதன் பெரும் பகுதியினர்.

1973–74 உணவுப் பஞ்சம் தோட்டங்களிற் சாவு வீதத்தை உயர்த்திற்று. முன்னர் தேநீருக்குக் காசு கொடுத்த தொழிலாளி, அதே கடைவீதியிற் பிச்சைக்குக் கையேந்தினான். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. உடைமையாளன் மாறினான், லயம் மாறவில்லை. 1977இலும் பின்னர் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை முதலிய இடங்களிற் கடைகளும் லயங்களும் தீக்கிரையாயின. 1983 ஜூலை அதனை நாடளாவியதாக்கிற்று. பல இனத்தவரும் ஒரே வாங்கிலில் அமர்ந்த கடைவீதியே முதலில் எரிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. சேர்ந்துண்ணும் வழக்கம் மட்டும் வன்முறையைத் தடுத்துவிடாது. அதற்கு அடித்தளமான காணியும் பிரஜாவுரிமையும் சமமாக இல்லாதவிடத்து அயலுறவு எளிதில் முறிந்துவிடும். அஞ்சி ஓடியோருட் பலர் வவுனியாவின் காடுகளை வெட்டிக் குடியேறினர். போர் பின்னர் அவர்களை அங்கும் தேடி வந்தது.

6

இனிக் கொழும்புக்கு வருவோம். செட்டியார் தெருவின் வரலாறும் தோட்டத்தின் வரலாறும் இருவேறானவையல்ல. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பிரித்தானிய வங்கிகளிடம் பெற்ற பணத்தை உள்நாட்டு வியாபாரிகளுக்கும் காணிக்காரருக்கும் வட்டிக்கு வழங்கினர். தோட்டத் தொழிலாளர் உண்ட இறக்குமதி அரிசியின் வியாபாரத்திலும் அவர்தம் மூலதனம் இருந்தது. அம்மூலதனத்தின் செழிப்பிலேயே அத்தெருவின் கதிரேசன் கோயில்கள் எழுந்தன. ஆடிவேல் விழாவின் தேர் அங்கிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கமாகச் சென்றது. 1930களின் பெருமந்தத்துடன் செட்டிமாரின் ஆதிக்கம் தளர்ந்தது. தெருவும் கோயிலும் நிலைத்தன. 1942இற் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு அறுந்தபோது, கோதுமை மா தோட்டத்து அடுப்புக்கும் நகரத்து அடுப்புக்கும் ஒருங்கே வந்தது. லயத்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் நகரத்துக் கடையின் ரொட்டியும் ஒரே வரலாற்றின் பிள்ளைகள்.

இன்று புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளின் சாப்பாட்டுக் கடைகளில் மா பிசைவோர், கோப்பை கழுவுவோர், பரிமாறுவோர் ஆகியோரில் தோட்டப் பகுதி இளைஞர் கணிசமானோர். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இரத்தினபுரியிலுமிருந்து கொழும்பு அணித்தாகையாற் சப்ரகமுவ இளைஞர்க்கு இவ்வழி எளிதிற் திறந்தது. தோட்டத்தின் நாட்சம்பளம் குடும்பத்தைத் தாங்காத நிலையும் லயத்தில் இளந்தலைமுறைக்கு இடமில்லாத நிலையும் அவர்களை வெளியே தள்ளின. இவர்கள் கொழும்புக்கு வந்தனர் என்பது உண்மை. பேட்டையைத் தெரிந்து குடியேறினர் என்பது உண்மையன்று. கடையின் மேல்மாடியிலோ பின்னறையிலோ பலர் ஒன்றாக உறங்குகின்றனர். தொழில் தருபவனே தங்குமிடமும் தருகின்றான். வேலை போனால் படுக்கையும் போய்விடும். இவ்வகையில் லயத்தின் அடிப்படைத் தர்க்கம் மாநகரத்துட் புகுந்துவிட்டது எனலாம். இரவு வெகுநேரம் திறந்திருக்கும் கடையினாற் பேட்டைக்குக் கிட்டும் கலகலப்பு, அக்கடைச் சிப்பந்தியின் நீண்ட வேலைநாளே அன்றி வேறன்று.

மறுபுறம், பழைய பேட்டைகளில் வாழ்ந்த ஏழைகளும் நிலைபெற விடப்படவில்லை. போர் முடிந்தபின் 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டிலேயே கொம்பனித்தெருவின் ஒரு பகுதியில் வீடுகள் தகர்க்கப்பட்டன. தொடர்ந்த ஆண்டுகளில் நகர மத்தியின் குறைவருமானக் குடும்பங்கள் பல தெமட்டகொடை முதலிய இடங்களின் மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் வாழ்ந்து தம் உணவால் பெயர்பெறச் செய்த அப்பகுதியில் இன்று உயர்மாடி ஆடம்பர வீடுகள் எழுந்துள்ளன. ரூத் கிளாஸ் லண்டனிற் கண்டதைச் சந்தை செய்தது. கொழும்பிற் சந்தையுடன் அரசும் கைகோத்தது. 1946இற் கேகாலைத் தோட்டத்திலும் 2010இற் கொம்பனித்தெருவிலும் வெளியேறுமாறு பணிக்கப்பட்டவர்கள் வேறு வேறானவர்கள். அவர்களிடம் கேட்கப்பட்ட வினா ஒன்றே: இது உன் இடம் என்பதற்கு உன்னிடம் உள்ள பத்திரம் யாது?

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். முதலாவதாக, வாழிடத் தெரிவு தனிமனித இரசனையின் வெளிப்பாடு மட்டுமன்று. உற்பத்தி உறவுகளில் ஒருவர் வகிக்கும் இடத்தினால் அது நிர்ணயிக்கப்படுகின்றது. இரண்டாவதாக, பேட்டையின் பண்பாடு ஆயத்தமாகக் கிடைக்கும் பண்டமன்று. பெரும்பாலும் தெரிவு மறுக்கப்பட்டவர்களின் உழைப்பினாலும் ஆக்கத்திறனாலும் உருவாவது. மூன்றாவதாக, தெரிவு மறுக்கப்பட்டோர் வெறும் பலியாட்களாக இருந்துவிடவில்லை. வாய்ப்பு நேர்ந்தபோது தம் இடத்தைத் தாமே அறிவித்துள்ளனர்.

அண்மைக்கால மாற்றங்களை நாம் புறக்கணிக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலையைப் பெருமளவு முடிவுக்குக் கொணர்ந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பொதுப்பணம் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது; அது 2018இலே திருத்தப்பட்டது. 2015 முதல் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்னும் கொள்கை ஏற்கப்பட்டு, சில தோட்டங்களில் வீடுகள் எழுந்துள்ளன. ஆயின் லயங்கள் இன்றும் உள்ளன. சப்ரகமுவவிற் சிதறி வாழும் தொழிலாளர், தேர்தற் கணக்கிற் சிறுதொகையினர் ஆகையால், இத்திட்டங்களிற் பின்தள்ளப்படும் ஆபத்து எப்போதும் உண்டு.

பழைய பேட்டையில் வாழ விரும்புவோரை நாம் குறைகூறவில்லை. நல்ல அயல் எல்லோருக்கும் வேண்டியதே. ஒரு பேட்டை வாழ்வதற்கு உகந்ததா எனக் கணிக்கும்போது, அதன் கடைகளையும் கோயில்களையும் எண்ணுவதோடு வேறொன்றையும் கேட்கவேண்டும் என்பதே நம் கருத்து. அக்கடையில் மா பிசைபவன் அதே தெருவில், தன் மனைவி மக்களுடன், தன் பெயரில் ஒரு முகவரி கொண்டு வாழ முடியுமா? முடியாதெனின், அப்பேட்டை எவ்வளவு பழைமையும் சுவையும் வாய்ந்ததாயினும், அங்கு லயம் இன்னும் முடிந்துவிடவில்லை. எட்டியாந்தோட்டையிலிருந்து வரும் இளைஞன் கொழும்பைத் தெரிந்துகொள்ளவும், விரும்பின் எட்டியாந்தோட்டையிலேயே தங்கிவிடவும் உரியவனாகும் நாளிலேதான் தெரிவு என்னும் சொல்லுக்குப் பொருள் கிட்டும். காணியும் முகவரியும் கோரும் போராட்டம் அந்நாளை நோக்கியதே.